மூத்தவள் மடி மண்

கிட்ட வந்து உட்காரு தாயி. இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தம் போட்டுப் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், பூவாயி மருமகள் காது கதவுச் சந்தில்தான் இருக்கும். அந்தச் செல்போனை வேண்டுமானால் நடுவில் வை. நான் ஒளிக்கிற ஆள் இல்லை. அங்கே உனக்குக் காப்பி கொடுத்தார்களா? அது காப்பி இல்லை, வெல்லத் தண்ணீர். நான் தேயிலை போட்டிருக்கிறேன். பால் கிடையாது. குடித்துப் பார், நாக்கு முதலில் கோபித்துக்கொள்ளும், பிறகு சரியாகிவிடும்.

பூவாயி பாட்டைப் புத்தகமாகப் போடப்போகிறீர்கள் என்று ஊரே பேசுகிறது. அட்டையில் அவள் படமாம். போடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஓர்ப்படியாள்தானே. என் புருஷனும் அவள் புருஷனும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். நான் மூத்த மருமகள், அவள் இளையவள். ஐம்பத்தைந்து வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முதலில் சிலோனில் தோட்டத்துக் கூலி லயத்துச் சுவர், அப்புறம் கொம்பூரணியில் இந்தச் சுவர். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். போனவளைப் பற்றிக் குறை சொல்கிறேன் என்று எழுதிவிடாதே. நடந்ததைச் சொல்கிறேன். நடந்தது குறையாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என்ன, முந்தானையையே பார்க்கிறாய்? பாக்கு முடிந்து வைத்திருக்கிறேன். பாக்குதான்.

அந்தச் 'செவந்த மண்ணு' பாட்டுத்தான் புத்தகத்தில் முதல் பாட்டு என்றாய். அதில் மூத்தவள் ஒருத்தி வருகிறாள் இல்லையா, நாலு வரி? அந்த மூத்தவள் நான்தான். அந்த நாலு வரியை எடுத்துவிடு என்று சொல்லத்தான் உன்னை வரச் சொன்னேன். எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுக்கொள். ஏன் எடுக்க வேண்டும் என்பதைக் கேட்டுவிட்டு நீயே சொல்.

பூவாயியை எங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வரும்போது அவளுக்குப் பதினேழு வயது. கையெழுத்துப் போடத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு வாய் இருந்தது. தேயிலை மலையில் வரிசையாக நின்று கொழுந்து எடுப்போம், முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. மற்றவர்கள் கையால் கொழுந்து எடுத்தால் இவள் வாயாலும் எடுப்பாள். எதைப் பார்த்தாலும் பாட்டு. அட்டை கடித்தால் ஒரு பாட்டு, கங்காணி தும்மினால் ஒரு பாட்டு. வந்த மூன்றாம் மாதம் என்னைப் பற்றி ஒன்று கட்டினாள். முப்பது பெண்கள் நிற்கிற மலையில், கங்காணி இருக்கும்போது.

மேலயெல்லாம் கொழுந்திருக்கு
மினுமினுன்னு தளுக்கிருக்கு
மூத்தவ கூடையில
முத்தலுதான் அடியிருக்கு

முத்தல் என்றால் முற்றின இலை. எடை கூடட்டும் என்று அடியில் போட்டு மேலே கொழுந்தை மூடிவிடுவது. மலையே சிரித்தது. கங்காணியும் சிரித்தான், சிரித்துவிட்டுச் சாயங்காலம் தராசுக்கிட்டே என் கூடையை மட்டும் கவிழ்த்துக் கொட்டினான். இருந்தது தாயி. நாலு இலை இருந்தது. எல்லார் கூடையிலும் இருந்தது. பாட்டு மட்டும் என் கூடைக்கு.

"ஏன்டி இப்படிப் பாடினே?" என்று கேட்டேன். "எதுகை அப்படி வந்துருச்சுக்கா" என்றாள். அதுதான் பூவாயி. எதுகை வந்தால் கூடப்பிறந்தவனைக் கூடக் காட்டிக்கொடுப்பாள்.

அன்றைக்குப் பிடித்தது பகை, எனக்கும் அவளுக்கும்.

எங்கள் மாமனார் இருந்தாரே, அவருக்கு அவர் அப்பன் சொல்லிவிட்டுப் போனது மூன்றே சமாச்சாரம். நம் ஊர் கொம்பூரணி. நம் சாமி ஒத்தப்பனைக் கருப்பன். நம் ஊர் மண் கருப்பு, மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. அவ்வளவுதான். அந்த அப்பன் பேர் மொட்டையன். பஞ்சத்தில் கப்பல் ஏறும்போது சாமி காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனாராம். பிடிமண் என்போம். அதைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் ஒரு முள்முருங்கை மரத்தடியில் புதைத்து, மேலே ஒரு கல்லை நட்டு, கருப்பா, இருந்துக்கோ என்று சொல்லிவிட்டார். பனையே முளைக்காத மலையில் ஒத்தப்பனைக் கருப்பன். அவரும் குளிரில் எங்களோடு இருந்தார்.

மாமனார் சொன்ன மூன்று சமாச்சாரத்தை வைத்துக்கொண்டு பூவாயி முந்நூறு வரி பாடுவாள். கொம்பூரணித் தண்ணியிலே கொலுசு போட்டுக் கால் நனைச்சேன் என்பாள். கொலுசு ஏது இவளுக்கு? கொம்பூரணியை எந்தக் கண்ணால் பார்த்தாள்? "பாக்காத ஊரைப் பத்திப் பாடுறியே, பொய்யில்லையா?" என்று கேட்டேன். "பாத்த ஊரைப் பத்திப் பாடினா அடிக்க வர்றாங்களேக்கா" என்றாள். அதற்கும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் அவள் சிரிப்பு வாங்குவதற்காகவே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் இரண்டு சர்க்காருக்கும் நடுவில் ஒப்பந்தம் வந்தது. இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று ஆடு பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் இந்தியா என்று வந்துவிட்டது. எழுபத்திமூன்றாம் வருஷம், மாசி மாதம்.

புறப்படுகிற அன்று காலையில் லாரி வந்து நிற்கிறது. என் வீட்டுக்காரர் சொன்னார், "மூத்த மருமக நீதான். சாமி மண்ணை நீ எடு." குளித்துவிட்டு ஈரச் சேலையோடு போய், கல்லுக்கு அடியில் தோண்டி ஒரு பிடி எடுத்தேன். முந்தானையில் முடிந்தேன். பூவாயி பின்னாலேயே வந்தாள், இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை.

"எனக்கும் ஒரு பிடி தாங்கக்கா."

"எதுக்கு?"

"சும்மா. வச்சுக்கிறேன்."

"சாமி மண்ணை ஆளுக்கொரு பிடி பிரிக்க அது என்ன பொரிகடலையா? மூத்தவ மடியிலதான் வரணும். பேசாம லாரில ஏறு."

அவள் ஏறவில்லை. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். போனவள் வரவே இல்லை. டிரைவர் ஆரன் அடிக்கிறான், அவள் புருஷன் கத்துகிறான், மகாராணி ஆடி அசைந்து வருகிறாள், விரலெல்லாம் அழுக்கு, கையில் பிள்ளையின் மூத்திரத் துணி மூட்டை. ஒருத்திக்காக நாற்பது பேர் காத்திருந்தோம். அப்படிப்பட்டவள்.

தலைமன்னாரில் சோதனைக்காரர்கள் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒரு கிழவனிடம் தேயிலை விதை இருந்தது, டப்பாவில் நாலைந்து. அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்கள். என் முந்தானையை யாரும் பார்க்கவில்லை. பூவாயியின் மூத்திரத் துணியை ஒருவனும் தொடவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிட்டான். கப்பல் ஏறினோம்.

கப்பலில் ஒரு ஆள், வெள்ளைச் சட்டை போட்டவன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசுகிறான். "மண்ணு, விதை, செடி எது இருந்தாலும் ராமேஸ்வரத்துல இறங்க விடமாட்டான். அடையாள அட்டையைக் கிழிச்சு இதே கப்பல்ல திருப்பி அனுப்புவான். அங்க போனா அவனும் சேக்கமாட்டான்." கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கேயும் இறங்க முடியாது, இங்கேயும் இறங்க முடியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள் தாயி. கம்பி ஓரமாகப் போய் நின்றேன். கடல்காற்று எப்படி அடிக்கும் தெரியுமா? முந்தானை பறந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மண் போய்விட்டது.

அவ்வளவுதான். காற்று.

திரும்பினால் மூன்று முழத் தூரத்தில் பூவாயி நிற்கிறாள். பிள்ளை வாந்தி எடுக்கிறது, முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. வாயைத் திறந்து ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் பாட்டுக் கட்டுகிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

மண்டபம் முகாமில் வீட்டுக்காரர் கேட்டார், "மண்ணு பத்திரமா?" "பத்திரம்" என்றேன். முந்தானையில் ஒரு கொட்டைப் பாக்கை முடிந்திருந்தேன். அவர் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அங்கிருந்து கொம்பூரணி. பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் வீட்டுக்காரர் தரையில் விழுந்து கும்பிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "யாருப்பா, தடுக்கி விழுந்துட்டாரா?" என்று ஒருவன் கேட்டான். அதுதான் எங்கள் சொந்த ஊர் எங்களுக்குச் சொன்ன முதல் வார்த்தை.

ஊரில் ஒரு ஆள்கூட எங்களைத் தெரியும் என்று சொல்லவில்லை. கண்மாய்க் கரையில், புளியமரத்தடியில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு கிடந்தோம். எதிரே வருகிறவர்கள் ஆட்டுக்குட்டியைக் கையில் தூக்கிக்கொள்வார்கள். சிலோன்காரர்கள் திருடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க ஊரணிக்குப் போனால் பெண்கள் வழி மறித்து நிற்பார்கள்.

"ஏன், உங்க ஊருக்குப் போகாம இங்க எதுக்கு வந்தீங்க?"

"இதுதான் எங்க ஊரு."

"அப்ப அது?"

"அது பொறந்த ஊரு."

"பொறந்த ஊரு தானே ஊரு? அங்கேயே இருக்க வேண்டியதுதானே?"

"அங்க, உங்க ஊருக்குப் போங்கன்னாங்க."

"நாங்களும் அதைத்தான் சொல்றோம்" என்றாள் ஒருத்தி. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். நான் நின்ற இடத்திலேயே மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். பூவாயி என்ன செய்தாள் தெரியுமா? அவர்கள் எப்படி நடக்கிறார்கள், எப்படி இழுத்துப் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள். மரத்தடிக்கு வந்து அதே மாதிரி பேசிக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமி கும்பிடுகிற பங்காளிகளுக்குப் பெரியவர் சோணமுத்துப் பூசாரி. ஒல்லியான ஆள், மூக்குப்பொடி போடுவார், கோபத்தையும் பொடி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பார். பதினெட்டாம் நாள் எங்களைக் கூப்பிட்டு விட்டார்.

"மொட்டையன் போனது நெசம். எங்க பாட்டன் சொல்லிக் கேட்டிருக்கேன். ஆனா மொட்டையன் பேரைச் சொல்லிக்கிட்டு எவன் வேணாலும் வரலாம். அவன் போறப்போ சாமி மண்ணு போச்சு. நீங்க வந்தா மண்ணும் வந்திருக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதுக்குக் கொண்டாங்க. மண்ணு வந்தா நீங்க பங்காளி, கோயிலுக்குப் பின்னால கெடக்குற எடம் உங்களுக்கு, குடிசை போட்டுக்கங்க. வரலேன்னா சாயங்கால பஸ்ஸு இருக்கு."

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "இருக்குங்கய்யா. என் பொஞ்சாதி மடியிலதான் இருக்கு."

என் மடியில் பாக்கு இருந்தது.

அந்த மூன்று நாளை எப்படிச் சொல்ல. போக இடம் கிடையாது தாயி, அதைப் புரிந்துகொள். திரும்பிப் போகக் கப்பல் கிடையாது. முகாமில் பேரை வெட்டிவிட்டார்கள். அந்தப் புளியமரத்தை விட்டால் எங்களுக்கு இந்த உலகத்தில் நிழல் இல்லை. இரண்டு குடும்பம், ஐந்து பிள்ளைகள். எல்லாம் என் முந்தானை முடிச்சில் தொங்குகிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் பூவாயிக்கும்.

யோசித்தேன். மாமனார் சொன்னது ஞாபகம் வந்தது, மண் கருப்பு. கருப்பு மண்தான் ஊர் முழுக்கக் கிடக்கிறதே. வியாழக்கிழமை கண்மாய்க்குள் இறங்கி நல்ல கருப்பாக ஒரு பிடி தோண்டி, துணியில் பிழிந்து, வெயிலில் காய வைத்து முடிந்துகொண்டேன். எனக்கும் புத்தி இருக்கிறது. எல்லாப் புத்தியையும் பூவாயிக்கே கொடுத்துவிடவில்லை ஆண்டவன்.

வெள்ளிக்கிழமை உச்சி. ஊரே வந்துவிட்டது. தோற்றால் பஸ் ஏறுகிறதைப் பார்க்கலாம் என்று வந்தவர்கள்தான் பாதி. முடிச்சை அவிழ்த்துப் பூசாரியின் தட்டில் கொட்டினேன். அவர் இரண்டு விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் நகத்தால் எதையோ நெம்பி எடுத்து வெயிலில் காட்டினார்.

"ஏ ஆத்தா. இது எங்க கண்மாய் வண்டல்ல? நத்தை ஓடு இருக்கு பாரு. அதுவும் சிலோன் போய்ட்டு வந்துச்சோ?"

அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கும். ஊரணிக்காரிகள் ஒருத்தி தோளில் ஒருத்தி அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் அடித்திருந்தால் தேவலை. பார்த்தார்.

அப்போது வருகிறாள் பூவாயி. இடுப்பில் பிள்ளை. அவசரமே இல்லாமல், லாரிக்கு வந்த மாதிரியே வருகிறாள்.

"அக்கா, அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்களே. ரெண்டையும் சேர்த்துக் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பூசாரி பக்கம் திரும்பினாள். "அது உங்க மண்ணுதான் சாமி. எங்க மண்ணோட கலக்கிறதுக்குன்னு அக்கா எடுத்து வச்சாங்க. போன மண்ணு இந்தா இருக்கு. அக்கா மடியிலதான் கடல் தாண்டி வந்துச்சு. எறங்கின அன்னைக்கு அவுங்களுக்கு வீட்டுக்கு விலக்கு. தீட்டோட சாமி மண்ணை வச்சிருக்கக் கூடாதுன்னு எங்கிட்ட குடுத்தாங்க."

அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால். என் விலக்கு நாளை. கேட்டுக்கொண்டாயா? அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, உன் காதிலும் போட்டிருப்பார்கள். காப்பாற்றுகிறவள் இப்படியா காப்பாற்றுவாள்?

மூத்திரத் துணி மூட்டைக்குள்ளிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். சிவப்பு மண். நல்ல சிவப்பு, நடுவில் மினுக்குமினுக்கென்று.

பூசாரி தட்டைத் தள்ளி வைத்தார். "இது செவப்பால்ல இருக்கு? எங்க மண்ணு கருப்பு. ஏமாத்துறதுன்னு வந்துட்டீங்க, நெறத்தையாவது சரியாப் பாத்து எடுத்திருக்கலாம்."

மறுபடி சிரிப்பு. பூவாயி பிள்ளையை இறக்கித் தட்டுக்குப் பக்கத்தில் விட்டாள். தானும் உட்கார்ந்தாள். பாடினாள். எங்கள் மலைப் பேச்சில் இல்லை. பதினெட்டு நாள் ஊரணியில் காதைத் தீட்டி வாங்கினாளே, அந்த இழுப்பில், அவர்கள் ஊர்ப் பேச்சில்.

கருப்பாத்தான் போன மண்ணு
கைப்பிடியாப் போன மண்ணு
மூணு தலமுறையா
மலமழையில் ஊறும் மண்ணு

கொழுந்தெடுத்த வெரல் கழுவிக்
கொட்டுந்தண்ணி குடிச்ச மண்ணு
பெத்தபிள்ள பொதைச்ச எடம்
பேரில்லாமச் செவந்த மண்ணு

கருப்பாத்தான் போனதய்யா
செவப்பாத்தான் வந்ததய்யா
நெறம்மாறி வந்த பிள்ளைய
நீ பெறலேன்னு சொல்லுவியோ

பாட்டு நின்றபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. குழந்தை மட்டும் தட்டுக்குள் கையை விட்டு மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் ஊருக்கே போங்கள் என்று சொன்னாளே ஊரணிக்காரி, அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் அழுதார்கள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அழவில்லை. எனக்கு ஒரு பிள்ளை அந்த மலையில் கிடக்கிறது, மூன்றாம் நாள் போனது, அது வேறு கதை. அதை இவள் எதற்கு ஊருக்கு நடுவில் பாட்டில் வைக்கிறாள்? கேட்டாளா என்னிடம்?

பூசாரி மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது, கிடைக்கவில்லை அவருக்கு. "யாரு மடியில வந்துச்சுன்ன?" என்று கேட்டார். அப்போதுதான் அந்த நாலு வரியை அவள் கட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டே கட்டினாள்.

மூத்தவ மடியிலதான்
முடிஞ்சுவச்ச முடிச்சய்யா
கடலுக்கும் பயப்படாம
கட்டிவந்த மகராசி

கடலுக்கும் பயப்படாமல். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை ஐந்நூறு பேருக்கு நடுவில் என் முகத்துக்கு நேரே. கை தட்டுகிற மாதிரி கன்னத்தில் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் என்ன சொல்ல முடியும்? பொய் என்று சொன்னால் சாயங்கால பஸ். ஆமாம் என்று சொன்னால் ஆயுசுக்கும் ஆமாம்.

தலையை ஆட்டினேன்.

பூசாரி கருப்பையும் சிவப்பையும் ஒரே கையால் பிசைந்து சாமி காலடியில் அப்பினார். முதல் திருநீறு எனக்கு. மண்ணைச் சுமந்து வந்தவளுக்குத்தான் முதல் மரியாதை என்றார். அன்றையிலிருந்து ஐம்பது வருஷமாக, மாசிக் கும்பிடு வந்தால் பூசாரி முதலில் என் நெற்றியைத்தான் தேடுவார். சோணமுத்து போய் அவர் மகன் வந்து, பேரன் வந்துவிட்டான். வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள் இல்லையா? பூவாயி கூட்டத்தோடு கூட்டமாக நின்று கடைசியில் வாங்குவாள். அதற்கு முன்னால் பாடுவாள். வருஷா வருஷம் அந்த நாலு வரியில் வந்து என்னைப் பார்ப்பாள்.

கோயிலுக்குப் பின்னால் குடிசைக்கு முதல் கால் ஊன்றின அன்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கேருந்துடி எடுத்தே அந்த மண்ணை?"

"நீங்க கடல்ல போட்டதுல மிச்சம்க்கா."

"வெச்சிருந்தவ எங்கிட்ட ஏன் சொல்லலே? இருபத்தொரு நாளு. நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். கண்மாய்க்குள்ள நான் தோண்டினதைக்கூடப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பாத்தேன்" என்றாள். "நீங்களா வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். அன்னைக்கு நான் ஒரு பிடி கேட்டேன்ல, அந்த மாதிரி."

பார்த்தாயா திமிரை? நான் போய் அவளிடம் கேட்க வேண்டுமாம். இதைத்தான் நான் சொல்கிறேன். ஊருக்கு அவள் பாட்டுத் தெரியும். எனக்கு அவளைத் தெரியும்.

அந்த மண்ணும் நிஜமா என்று யார் கண்டது? செம்மண்ணுக்கா பஞ்சம்? ஏதாவது செங்கல் சூளையில் அள்ளியிருப்பாள். நானும் தேடித்தான் பார்த்தேன். பருத்திக்கு, மிளகாய்க்கு என்று கூலிக்குப் போகிற ஊரெல்லாம் குனிந்து பார்ப்பேன். பத்து மைலுக்குச் செம்மண் கண்ணில் படவில்லை. இருந்திருக்கும். நான் போன பக்கம் இல்லை.

இத்தனை வருஷமும் அவளோடு மூச்சு விடவில்லையா என்று கேட்காதே. பேசுவோம். உப்பு இருக்கா, ஆடு வந்துருச்சா, அவ்வளவு. அவள் அந்தப் பக்கம் புதுப் பாட்டுக் கட்டினால் சுவர் வழியே கேட்கும். எனக்கு வேண்டாம் என்றாலும் காது கேட்கும். மனப்பாடம் ஆகிவிடும். அவள் மகன் உனக்கு எத்தனை பாட்டுச் சொன்னான்? நாற்பதா? எனக்கு நூற்றுப்பத்துத் தெரியும். அவன் சொன்னதில் பாதி தப்பு. 'மலமழையில் ஊறும் மண்ணு' என்பதை 'ஊறிய மண்ணு' என்று சொல்லியிருப்பான், நடை கெட்டுப்போகும். திருத்திக்கொள். அவள் மேல் எனக்குக் கோபம், பாட்டு மேல் என்ன கோபம்?

ஆனால் அந்த நாலு வரியை எடுத்துவிடு. எடுத்தால் பாட்டு நொண்டும், எனக்கே தெரியும். பூசாரி கேட்கிறார், பதில் இல்லாமல் நிற்கும். நொண்டட்டும். வாயால் பாடினால் காற்றோடு போகும். அச்சில் ஏறினால் அப்படியே நிற்கும், நான் போன பிறகும், கடலுக்கும் பயப்படாத மகராசி என்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கும் என்கிறாய். பயப்பட்டேன் தாயி. என்னைப் போல் பயந்தவள் அந்தக் கப்பலில் இல்லை. காற்று என்று சொன்னேன் இல்லையா? காற்றுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. இந்த இரண்டு கையால் அவிழ்த்து, உதறி, ஒட்டியிருந்ததையும் நகத்தால் சுரண்டிப் போட்டேன். ஒருத்தி பார்த்தாள். அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன், உன் செல்போனில்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், அவள் மருமகள் வந்து கூப்பிட்டாள். "அத்தை உங்களைக் கேக்குறாங்க." கேட்கட்டும் என்றுதான் போனேன். ஐம்பது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை அவள் காதில் கொட்டிவிட்டு வரலாம் என்று போனேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள், சுருங்கிப்போய், பிள்ளையின் துணி மூட்டை அளவுக்கு.

"இப்பவாவது சொல்லுடி" என்றேன். "எங்கே எடுத்தே அந்த மண்ணை?"

சிரித்தாள். பல் இல்லை. பாட்டும் இல்லை, மூச்சுத்தான் இருந்தது.

தலையணைக்கு அடியில் கையை விட்டு அந்தச் சுருக்குப் பையை எடுத்தாள். அதே பை. அன்றைக்குத் தட்டில் எல்லாவற்றையும் கவிழ்க்கவில்லை அவள், கெட்டிக்காரி, பாதியை வைத்திருந்திருக்கிறாள். என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் கட்டில் ஓரம் உட்காரும் வரைக்கும் இழுத்தாள். பழைய பாக்கை அவிழ்த்துத் தரையில் போட்டாள். அந்த இடத்தில் சிவப்பு மண்ணை உதறிக் கொட்டினாள், ஒட்டியிருந்ததையும் நகத்தால் சுரண்டிப் போட்டாள். முடிந்தாள். அதன் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டாள். அப்புறம் அவிழ்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.